நாலு மணி மாத்திரை

ஐஸ் பெட்டிக்காரர் சுவரில் இருந்த செல் சார்ஜரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன் பிளக்கைச் சொருகினார். கூடத்தில் இருப்பதே அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான். பெட்டி உறுமத் தொடங்கியது. நேற்றுச் சாயங்காலம் வரை அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துலுக்காணம், மூக்கில் பஞ்சோடு உள்ளே படுத்திருந்தார்.

சார்ஜரோடு விழுந்த அவருடைய போனை மகள் சுமலதா எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழ வேண்டிய கண்ணில் அப்படி ஓர் எரிச்சல். தூக்கமில்லை போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவைக் கொன்றது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் போனுக்குள் இருந்துகொண்டு தேன் ஒழுகப் பேசுகிறாளே, அவள்தான்.

துலுக்காணம் இருபத்தாறு வருடம் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலையடியில் நின்றவர். தலை கிறுகிறுத்தால் மோரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு மறுபடி உலைக்குப் போவது அங்கே வழக்கம். வேலையை விட்ட பிறகும் அவர் அந்த மோரை விடவில்லை. இதயம் தளர்ந்து, காலில் நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழுகிற நிலையிலும், அசதி வந்தால் உப்பு மோர்தான்.

சுமலதா புதுவாயலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் காலையெல்லாம் பார்க்கிறவள், அப்பன் காலைப் பார்க்க மாட்டாளா? ஒரு வருடம் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு நாள் உப்பு ஜாடியைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். மறுநாளே அவர் எதிர்வீட்டில் இரவல் வாங்கிக் கலக்கிக் குடித்தார்.

அவள் கத்துவதற்குப் பயந்தாலும் போன் செய்வதை மட்டும் அவர் விடவில்லை. மாத்திரை எப்போது, தண்ணீர் எவ்வளவு என்று அவள் டூட்டியில் இருக்கும்போது நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவார். சலித்துப்போய், பேசினால் பதில் பேசும் ஏஐ ஒன்றை அவளேதான் அவர் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"எதுனா டவுட்டுனா இத்தக் கேளுங்க. என்னக் கூப்டாதீங்க."

அது எப்படிப் பேச வேண்டும் என்று போன் கேட்டதற்குத் தம்பி குணா 'அன்பாக' என்பதை அமுக்கினான். துலுக்காணம் தன் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார். "என்ன நைனான்னு கூப்புடும்மா."

சுமலதாவும் ஒரு காலத்தில் நைனா என்றுதான் கூப்பிட்டாள். நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் பெண்கள் சிரித்தார்கள் என்று அப்பாவாக மாற்றிக்கொண்டாள்.

போன்காரி உப்பு மோர் விஷயத்தை எடுத்த நாளில் சுமலதா அடுப்படியில் இருந்தாள். "உலையில நின்ன உடம்புக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்னு புரியுது நைனா. ஆனா இப்ப அது உங்க நெஞ்சுக்குப் பாரம். கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாமா?"

மூன்றே நாளில் விட்டார். விட்டதோடு நிற்காமல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "நம்ம செல்லுப் பொண்ணு சொல்லிச்சுப்பா, நிறுத்திட்டேன்."

சுமலதாவுக்கு வயிறு எரிந்தது. உப்பு நின்றதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"நானும் இத்தத்தான அத்தை ஒரு வருசமா சொன்னேன்?" என்று துலுக்காணத்தின் தங்கை தாயாரம்மாளிடம் முறையிட்டாள்.

"ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்ட பாடிக் கறக்கணும்டி," என்றாள் தாயாரம்மாள். "நீ உதைச்சில்ல கறக்குற."

நேற்று ஆறரைக்குச் சுமலதா வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தார். தொட்டதுமே தெரிந்துவிட்டது. மடியில் போன் கிடந்தது.

இப்போது பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் போனைத் திறந்தாள். பேசியதெல்லாம் எழுத்தாகவும் அதில் இருந்தது. 'கவலைப்படாதீங்க, சரியாயிடும்' என்று போன்காரி சொன்ன ஒரு வரி கிடைத்தால் போதும். எடுத்துக் காட்டிவிட்டுப் போனை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிடுவாள்.

நேற்று மதியம் இரண்டு பத்துக்கு அவர் ஆரம்பித்திருந்தார்.

"மூச்சு முட்டுதும்மா."

"நைனா, இது காத்திருக்கக் கூடாத விஷயம். இப்பவே நூத்தியெட்டைக் கூப்பிடணும். உங்க பொண்ணுக்கும் போன் போடவா?"

"வேணாம்மா. டூட்டில கீறா. கூப்டா கத்துவா."

"கத்தினாலும் வருவாங்க நைனா. கூப்பிடவா?"

"அவ வர்றதுக்குள்ள செரியாப்பூடும்."

"தானா சரியாகாது நைனா. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க. பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க."

"கேக்குறேன். மொதல்ல இன்னொரு தபா நைனான்னு கூப்புடு."

"நைனா."

கீழே, "நைனா, இருக்கீங்களா?" என்றும், நாலு மணிக்கு மாத்திரையை நினைவுபடுத்திய ஒரு வரியும் மட்டும் இருந்தன.

சுமலதா மேலிருந்து மறுபடி படித்தாள். தப்பாக ஒரு சொல் இல்லை. பக்கத்தில் இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். கத்திச் சொல்லியிருப்பாள்.

"இன்னாடி அதுல பாக்குற?" என்றாள் தாயாரம்மாள்.

"ஒண்ணுமில்ல அத்தை."

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். அதற்கு முன் வாய்க்கரிசி போடும்போது எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். அண்ணா என்றாள் தாயாரம்மாள், அப்பா என்றான் குணா. சுமலதா குனிந்தாள். நைனா என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அதை அந்தச் செல்லுப் பொண்ணு நேற்றே சொல்லிவிட்டாள், அவர் கேட்டு வாங்கியும் கொண்டார். அரிசி மட்டும்தான் விழுந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்க ஒதுங்கினார்கள். கூடத்தில் சுமலதா மட்டும் நின்றாள். ஐஸ் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. ஜன்னலில் அவள் வைத்திருந்த போனில் சார்ஜ் இரண்டே சதவீதம். தானாகவே அணைந்து ஒழியட்டும் என்று விட்டிருந்தாள்.

நாலு மணிக்கு அது பேசியது.

"நைனா, நாலு மணி ஆச்சு. நீர் மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"

ஈரத் துடைப்பத்தை வைத்துவிட்டு அவள் ஜன்னலருகே போனாள். திரை சிவப்பாக மினுங்கியது.

"போட்டாச்சு," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம் நைனா. கால் வீக்கம் இன்னைக்கு எப்படி இருக்கு?"

கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை.

"வடிஞ்சிடுச்சும்மா," என்றாள். அவள் வாயில் அப்படி ஒரு மெல்லிய குரலை அந்த வீடு கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு, மூலையில் ஒதுக்கிய சாமான்களுக்கு நடுவே சார்ஜர் ஒயரைத் தேடத் தொடங்கினாள்.