நீல வயரின் மறுமுனை

என் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "இப்போ நல்லாத்தான் வருது." நெட் வரவில்லை, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று போனில் அலறுவார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் வண்டியை விரட்டி, மூச்சிரைக்கப் போய் நிற்பேன். கதவைத் திறக்கிற ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லுவார். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும். வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் வயர் இழுத்து, பெட்டி பொருத்தி, கோளாறு பார்ப்பதுதான் என் பிழைப்பு. கண்ணெதிரே நிற்கிற கோளாறு என்றால் ஒரு கை பார்த்துவிடலாம். நான் வருகிற சத்தம் கேட்டதுமே ஓடி ஒளிகிற கோளாறை என்ன செய்ய?

அக்கா வீட்டுக் கோளாறு அந்த ரகம்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ரிப்போர்ட்டில் ஒரு எண் பிசகியிருந்தால் அவள் கண்ணிலிருந்து தப்பாது. பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. வீட்டிலிருந்தபடியே ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்க ஆள் தேடிய ஒரு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாள். உடனே கூப்பிட்டார்கள். இன்டர்வியூ வீடியோவில்தான்.

முதல் தடவை அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் திரை உறைந்துவிட்டது. பாதி திறந்த வாயோடு தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சரி, போகட்டும் என்று இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்றும் அதே கதை. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள், ம்ஹூம். போனிலிருந்து பேசலாம் என்றால், அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வராது. நெட் கம்பெனிக்குக் கூப்பிட்டால், "உங்க லைன்ல ஒண்ணும் பிரச்சினையே இல்லீங்க" என்று தாலாட்டுப் பாடினார்களாம்.

இந்த இரண்டு தடவையும் சாயங்காலம் என் வேலை முடிந்ததும் ஓடினேன். இரண்டு தடவையும் கதவைத் திறந்தது அத்தான். அக்கா வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "வாங்க வயரம்மா! இப்போ நல்லாத்தான் வருது" என்றார். அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை விரித்துவைத்திருப்பார். நெட் அவருக்குத் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் குடைந்து பார்த்தேன், நோண்டிப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"எனக்கு நல்லாத்தானே வருது? உங்க அக்கா உக்காந்தா மட்டும் போயிடுது. அவளுக்கும் நெட்டுக்கும் ராசியில்லைன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார் அத்தான்.

அக்காவும் சிரித்தாள். ஆனால் என்னை வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தவள், செருப்பு மாட்டுகிற நேரத்தில் மெல்லக் கேட்டாள்: "ஏண்டி, நிஜமாவே என் ராசிதானோ?" எனக்குச் சுரீர் என்றது. "போக்கா, பைத்தியம் மாதிரி பேசாத" என்று வள்ளென்று விழுந்துவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் அவள் முகம்தான்.

மூன்றாவது தடவைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு, இணைப்பு நிலையாக இல்லாதவர்களை இந்த வேலைக்கு எடுக்க இயலாது என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்து செய்கிற வேலைக்கு வீட்டில் நெட் வேண்டுமா இல்லையா?

இன்டர்வியூ அன்றைக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் எனக்கு வேலை இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையிலேயே அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை அந்தக் கோளாறு என் கண்முன்னால்தான் வந்தாகவேண்டும்.

அந்த வீட்டு அமைப்பே நான் போட்டதுதான், ரொம்பச் சுலபமானது. வெளியிலிருந்து நெட் வந்து இறங்குகிற ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் ஹாலுக்கு வந்து, அலமாரித் தட்டில் இருக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டியில் வரிசையாக ஓட்டைகள். ஒன்றில் அக்காவின் கம்ப்யூட்டர், ஒன்றில் டிவி, ஒன்றில் அத்தானுக்கான நீளமான நீல வயர். அந்த நீல வயரின் மறுமுனையைச் சாயங்காலம் மடிக்கணினியில் மாட்டுவார். காலையில் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுவார். அது மேஜைக்கடியில் யார் காலையாவது இடறிக்கொண்டு கிடக்கும்.

அன்று காலையும் அப்படித்தான் கிடந்தது. ஹாலே கந்தல்கோலம். நாற்காலி முதுகில் ஈரத் துண்டு, ஒற்றைக் காலுறை, மூடி தொலைந்த பேனாக்கள், அலமாரியில் பாதி பிரித்த பிஸ்கட் பொட்டலம். அக்கா நல்ல நாளிலேயே ஹாலைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். "பிள்ளைங்க வந்து மறுபடியும் கலைக்கத்தானே போவுது" என்பாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வயரையும் சோதித்தேன். ரவுட்டரை மாற்றிப் பார்க்க என்னுடையது ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். மாற்ற அவசியமே இல்லை. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, நான் வாசலில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டுப் பேசினேன். அவள் மூக்கின் மேலிருந்த வியர்வை கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தியா? நீ உக்காந்துதான் இருக்க. நெட் எங்கயும் ஓடிப் போகல. ராசியாம் ராசி!"

"சரிடி, கத்தாத" என்றாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "நீ போய் சாப்பிடு. நான் ரெடியாகணும்."

சமையலறையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து, அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போடலாமென்று தண்ணீரை வைத்தேன். அப்போதுதான் ஹாலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"போயிடுச்சு."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அக்கா நல்ல புடவை உடுத்தி, தலைவாரி, கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு. இன்டர்வியூவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நான்தான் சொன்னேனே. விடு. அவங்களுக்கு ஒரு மெயில் மட்டும் உன் போன்லருந்து போட்டுடு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

"வாய மூடுக்கா" என்றேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்தான். மாட்டினாயா மகனே! கோளாறு முதல்முறையாக என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது.

ரவுட்டரைப் பார்த்தேன். வெளியிலிருந்து நெட் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் தகராறு வீட்டுக்குள்தான். ஹாலுக்குத் திரும்பினேன். வேறு யார் வீட்டுக்காவது வந்துவிட்டோமோ என்றிருந்தது. துண்டு இல்லை, காலுறை இல்லை. மேஜை பளபளவென்றிருந்தது. அலமாரியில் புத்தகங்கள் உயரவாரியாக நின்றன. அவற்றுக்கு நடுவில் வெள்ளைப் பெட்டி. அதன் விளக்குகள் எப்போதும் ஒன்று சிமிட்டும், ஒன்று சும்மா இருக்கும், தன் இஷ்டத்துக்கு ஒவ்வொன்றும். இப்போது அத்தனையும் ஒரே வேகத்தில், வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, இந்தப் பெட்டியில எதையாவது கழட்டினியா?"

"சத்தியமா இல்ல. நீதானே எதையும் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்க? ஒவ்வொரு தடவையும் இதையேதான் கேக்குற. தூசி துடைச்சேன், அவ்வளவுதான்."

அவள் பொய் சொல்கிற ஆளில்லை. நான் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கக் கூடாது.

"அக்கா, அத்தானோட நீல வயர் எங்க?"

"அதுவா? கேமராவுல பின்னாடி அசிங்கமா தெரியுமேன்னு எடுத்துச் சுருட்டி, நுனியை அந்தப் பெட்டியிலயே சொருகிட்டேன். ஓட்டை சும்மாதானே இருந்துச்சு. தொங்கிட்டுக் கிடக்கிறதுக்கு அது ஒரு இடத்துல இருக்கட்டுமேன்னு."

"அடிப்பாவி!"

"ஏன், என்னாச்சு?"

"போன தடவையும் சொருகினியா? அதுக்கு முந்தின தடவையும்?"

"ஆமா. இன்டர்வியூன்னா வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீல வயரின் ஒரு முனை ஏற்கெனவே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. மறுமுனையும் அதே பெட்டியில் போனால், ஒரு முனை வழியாக வெளியே போகிற தகவல் மறுமுனை வழியாக உள்ளே வந்து நிற்கும். புதிதாக யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, பெட்டி அதை மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பும். அது மறுபடியும் சுற்றி வரும். தான் போட்ட சத்தத்துக்குத் தானே பதில் கத்தி, கத்தி, வேறு யார் பேச்சும் காதில் விழாமல் வீடு முழுக்க ஸ்தம்பித்துவிடும். ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வயர் அங்கேயேதானே இருக்கிறது? சாயங்காலம் அத்தான் வருவார், வேலை செய்ய அந்த நுனியைப் பிடுங்குவார். அந்த நொடியே எல்லாம் சரியாகிவிடும். பிறகு நான் வருவேன். இப்போ நல்லாத்தான் வருது!

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல நேரமில்லை. வெடுக்கென்று பிடுங்கினேன். விளக்குகளின் வெறி அடங்கியது. ரவுட்டர் இன்னும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததால் அதை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அது எழுந்து உட்கார எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அப்பப்பா! அக்கா ஹாலிலிருந்து "வந்துச்சா? வந்துச்சா?" என்கிறாள். நான் வாசலில் அந்தப் பெட்டியிடம் "வாடா, என் ராஜா, வாடா" என்று கெஞ்சுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

பச்சை விளக்கு வந்தது. ஹாலில் வீடியோ அழைப்பு மணி அடித்தது.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அக்காவின் குரல் நடுங்கியது. வணக்கம் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வணக்கம் சொன்னது. குரல் அறுபடவில்லை. பேச்சு தொடர்ந்தது. ஏதோ ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மௌனம். எனக்கு உயிரே போய்விட்டது, மறுபடியும் அறுந்துவிட்டதோ என்று. பிறகு அக்கா பேசினாள்.

"இந்த ரெண்டு எண்ணும் ஒரே ஆளோடதா இருக்க முடியாதுங்க. சாம்பிள் மாறியிருக்கு. இதை அனுப்பக் கூடாது. மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லணும்."

இந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பிள்ளைகளை அதட்டுகிற குரல் இல்லை, அத்தானுக்குப் பதில் சொல்கிற குரலும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள அங்கே அடுப்புத் துணிதான் இருந்தது.

முடித்துவிட்டு அக்கா சமையலறைக்கு வந்தாள். அடுத்த வாரமே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்களாம். அப்பாடா! என் வயிற்றில் பாலை வார்த்தாள். நான் எழுந்து கட்டிக்கொள்ளப் போனேன். அவள் அதைக் கவனிக்காமல் கேட்டாள்:

"அப்போ என் ராசி இல்லையா?"

"இல்லக்கா. வயரு."

"வெறும் வயரா?"

"வெறும் வயரு."

நல்ல புடவையோடு அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியான அழுகைதான், நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். நல்ல செய்தியைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். பிறகு வழக்கம்போல மடிக்கணினியை விரித்து, மேஜைக்கடியில் குனிந்து, "என் வயர் எங்க?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ராசி கீசின்னு நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்ம்மா" என்றார் அக்காவிடம்.

"தெரியும். நீங்க விளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. நான்தான் நம்பிட்டேன்" என்றாள் அக்கா.

அத்தானின் நீள வாய்க்கு அந்தப் பதில் பெரிய தண்டனை. மறுநாள் சாயங்காலம் நான் வந்து சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் அவருக்கென்று ஒரு நெட் பாயின்ட் வைத்து, வயரைச் சுவரோடு ஒட்டி அடித்துக்கொடுத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தான்தான்.

அக்கா வேலையில் சேர்ந்த அன்று மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் மருத்துவரின் கிளினிக் பரணில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். ஜன்னலோரம் வந்து எடுத்தாள்.

"ஹாலைச் சுத்தம் பண்ணிட்டியா?"

"போடி. கந்தல்கோலமா கிடக்குது. எனக்கு வேலை இருக்கு."

"நெட்டு?"

"இப்போ நல்லாத்தான் வருது" என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.