மூன்றாம் வரிசைச் சீக்குப் பூ

ஆஃப்கே பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்பது வயதுவரை அது உண்மையாகவும் இருந்தது. பிறகுதான் அவள் தன் முன்தோட்டத்துத் துலிப் ஒன்றைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, மேலே பழைய ஜன்னல் திரையைப் போர்த்திவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "முயல் கடிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஏழு வரிசை துலிப் நிற்கிற தோட்டத்தில் அந்த ஒன்றை மட்டும் தேடி வந்து கடிக்கிற முயல் எது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல பெயர் எடுத்து வைத்தால் இப்படிச் சில வசதிகள் உண்டு.

திரைக்குள் இருந்தது சீக்குப் பூ. மற்றவை எல்லாம் கறையில்லாத சிவப்பு. இது மட்டும் வெள்ளை இதழில் சிவப்பைக் கோடு கோடாகத் தீற்றிக்கொண்டு நின்றது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. போன வருஷம் திரையை எடுத்திருந்த ஒரு மதியத்தில், சைக்கிளில் போன ஒரு ஜெர்மன்காரத் தம்பதி இறங்கி வந்து அதை மட்டும் பன்னிரண்டு படம் எடுத்தார்கள். ஆனால் கடலோர மணலில் துலிப் கிழங்கு போட்டுப் பிழைக்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோடு தேமல் நோய். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் வாய் வைத்தால் போதும், தொற்றிக்கொள்ளும். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

இது ஆஃப்கேவுக்குத் தெரியாதா என்ன? அவள் புருஷன் மைண்டர்ட் நாற்பத்தோரு வருஷம் பார்த்தது இந்தச் சீக்குப் பார்க்கிற வேலைதான். வசந்தம் முழுக்க முதுகை வளைத்து, இலைமேல் நிழல் விழுவதற்காகக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக வயலில் நடப்பார். சீக்குச் செடியைக் கண்டால் கைப்பிடி வைத்த இரும்பு முள்ளால் கிழங்கோடு கிளப்பிப் பையில் போட்டுக்கொள்வார். பூ விரிவதற்கு முன்பே இலையை வைத்துச் சொல்லிவிடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இப்போது மூன்று வருஷமாக அவர் மறதி நோய்க்காரர்களுக்கான இல்லத்தில் இருக்கிறார். கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வண்டியில் வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். ஆஃப்கேவை, காபி கொடுக்கிற ஒரு நல்ல பெண்மணி என்ற அளவில் மரியாதையாக நடத்துவார்.

இரண்டு வசந்தத்துக்கு முன்னால், ஓரத்து வரிசையில் ஒரு செடி தானாகக் கோடு போட்டுக்கொண்டது. ஆஃப்கே அதைக் கவனிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிய மைண்டர்ட், மாதக்கணக்காக நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர், வாசலில் அப்படியே நின்றார்.

"அந்தா, அது சீக்கு. யாரும் பார்க்கலையா?" என்றார். குடையைக் கேட்டார். ஒரு மணி நேரம் ஏழு வரிசையையும் நடந்து பார்த்தார். வாய் ஓயாமல் பேசினார். பழைய முதலாளி காபியில் பால் ஊற்றாத கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆஃப்கே சமையலறைக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். "இரும்பு முள்ளை எங்கேயோ வெச்சுட்டேன், நாளைக்கு எடுத்துடறேன்" என்று அவரிடம் சொன்னாள். எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் அதை மறுபடியும் புதிதாகக் கண்டுபிடித்தார்.

ஆக, வருஷத்தில் அந்தப் பூ நிற்கிற இரண்டு மூன்று ஞாயிறு மட்டும் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தார். அதற்காகத்தான் ஜூனில் அந்தக் கிழங்கை எடுத்து முட்டைப் பெட்டியில் தனியாக வைத்ததும், நவம்பரில் வேறு வரிசையில் நட்டதும், இந்தத் திரையும், முயலும். இந்த வருஷம் அது மூன்றாம் வரிசையில் பூத்தது. முதல் ஞாயிறு மைண்டர்ட்டுக்குச் சளி, வரவில்லை. வருகிற ஞாயிறு விட்டால் இதழ் கொட்டிவிடும். இந்த வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

புதன்கிழமை காற்று திரையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற யோரிட் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். நாற்பது வயது, மைண்டர்ட் வேலை பார்த்தது அவன் அப்பாவிடம்தான். ஆஃப்கேவை விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றே கூப்பிடுவான்.

"அத்தை, உங்க வீட்டு ஜன்னல் என் வயல்ல வந்து படுத்திருக்கு. வாடகை போடலாமான்னு..." என்று சிரித்துக்கொண்டே வந்தவன் பூவைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுதான் முயல் கடிக்கிற செடியா?"

ஆஃப்கே ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"எத்தனை நாளா?"

"இது மூணாவது வருஷம்."

"மூணு வருஷமா! மைண்டர்ட் மாமா வீட்டுலயா?" யோரிட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "நேத்து என் வயல்ல நாலு செடி அகப்பட்டுச்சு. நாலும் உங்க பக்கத்து வாய்க்கா ஓரம். போன வருஷம் ஒட்டினதுதான் இந்த வருஷம் தெரியும், உங்களுக்குச் சொல்லணுமா? எங்கேர்ந்து வந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஆரம்பத்துல கிழங்கு கொடுத்த ஆளைக்கூடக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கத்தியும் தொலைச்சேன்."

"நான் மூடித்தானே வெச்சிருந்தேன்..."

"ஜன்னல் துணியாலயா? அந்த ஓட்டையில அசுவினி குடும்பத்தோட போயிட்டு வருமே அத்தை."

 அந்த வயலில் நிற்பது என்ன என்று ஆஃப்கேவுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கைப்பிடி கிழங்கில் ஆரம்பித்த புது ரகம், ஆரஞ்சு நிறத்தில் பச்சை வரி ஓடுவது. பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்துப் பெருக்கி, இப்போதுதான் விதைக்கிழங்காக விற்கிற நிலைக்கு வந்திருந்தான். திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார். இன்னும் நாலு செடி அவர் கண்ணில் பட்டால் அந்த வருஷம் விற்க விடமாட்டார்.

"தோண்டுங்க, இப்பவே," என்றான் யோரிட்.

"ஞாயித்துக்கிழமை."

"அத்தை, வெயில் ஏறுது. பூச்சி பறக்க ஆரம்பிச்சாச்சு."

"ஞாயித்துக்கிழமை அவர் வருவார்டா," என்றாள் ஆஃப்கே. எதற்கு அந்தப் பூ நிற்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடித்தபோது வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது போலவும் இருந்தது.

யோரிட் தன் ரப்பர் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைப் படியின் விளிம்பில் தேய்த்தான். "பேசுறாரா? நிஜமாவா?"

"உங்க அப்பா காபியில பால் ஊத்தாததைப் பத்திப் பேசினார்."

"அது உண்மைதான்," என்றான். எழுந்து போனவன் அரை மணியில் கம்பிச் சட்டமும் மாவு சலிக்கிற மாதிரி நெருக்கமான பூச்சிவலையும் கொண்டுவந்தான். ஈர மண்ணில் மண்டியிட்டு, செடியைச் சுற்றி வலையின் விளிம்பை மண்ணுக்குள் புதைத்தான். "ஞாயிறு மூணு மணிக்கு நானும் வருவேன். அவர் பார்த்த அடுத்த நிமிஷம் எடுத்துடணும். கிழங்கு, குட்டிக் கிழங்கு, ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது. சரியா?"

"சரி," என்றாள் ஆஃப்கே.

அதுவும் பொய். கொட்டகைக்குப் பின்னால், வயலட் பூச்செடிகளுக்கு நடுவே ஒரு பூந்தொட்டி இருந்தது. போன ஜூனில் அந்தச் சீக்குக் கிழங்கின் பக்கத்தில் பிரிந்த இரண்டு குட்டிகளை அவள் அதில் ஊன்றியிருந்தாள். சின்னக் கிழங்கு உடனே பூக்காது. ஆளுக்கு ஓர் இலையோடு நின்றன. சாதாரணப் பச்சை இலை. யோரிட்டே அந்தப் பக்கம் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவை பூக்கும், அதுவரை அவர் இருப்பார் என்பது அவள் கணக்கு.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ரொட்டி தின்கிற ஊராக இருந்தாலும். வெள்ளிக்கிழமை யோரிட் தன் வாய்க்கால் ஓரத்தில் குனிந்து குனிந்து நடப்பதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். குடைகூட இல்லை, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான். சனிக்கிழமை காலை தொட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிவரை போனாள். மூடியையும் திறந்தாள். அவளால் முடியவில்லை. தொட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வயலட் பூக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஞாயிறு வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. யோரிட் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வலையை எடுத்துவிட்டு, கையில் இரும்பு முள்ளோடு ஓரமாக நின்றான். மைண்டர்ட் இறங்கினார். பூக்களைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போனார்.

காபி குடித்தார். உலர்திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்ததைத் தின்றார். சுவரைப் பார்த்தார். ஆஃப்கே ஜன்னலுக்கு வெளியே கை காட்டி "பூவெல்லாம் நல்லா வந்திருக்கு" என்றாள். "நல்லது," என்றார் மரியாதையாக. இருபது நிமிஷம் போனது. வெளியே யோரிட் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபடுவது தெரிந்தது. இவ்வளவு வேஷமும் இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டே ஆஃப்கே காலிக் கோப்பையை எடுத்து வைத்தாள்.

காற்றுக்காகக் கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். படியில் நின்றவர், தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"மூணாவது வரிசை," என்றார். "குடை எங்கே?"

யோரிட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குடை வந்தது. மைண்டர்ட் அவன் கையிலிருந்த இரும்பு முள்ளைத் தன்னுடையதைப் போல வாங்கிக்கொண்டார். செடிக்குப் பக்கத்தில் நேராக இறக்கி, ஒரு சாய்ப்பு சாய்த்து, இலை கிழியாமல் கிழங்கோடு மேலே கொண்டுவந்தார். குழிக்குள் விரலை விட்டுக் குட்டிக் கிழங்கு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று துழாவினார். கரண்டி பிடிக்கத் தெரியாத கை அது.

"பையைப் பிடி. நீ வேலைக்குப் புதுசா?"

"ஆமா மாமா."

"முதலாளி காபியில பால் கேட்டுடாதே, அழுதுடுவாரு."

யோரிட் சிரித்தான். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூ பைக்குள் போனபோது ஆஃப்கேவுக்கு வலித்தது, ஆனாலும் பின்பக்கம் இரண்டு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மைண்டர்ட் நிற்கவில்லை. ஏழு வரிசையும் முடித்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"அங்கே ஒண்ணும் இல்லீங்க. இன்னொரு காபி குடிக்கலாம், வாங்க!" என்று ஆஃப்கே பின்னால் ஓடினாள்.

அவர் காதில் அது விழவில்லை. வயலட் பூக்களுக்கு முன்னால் குனிந்து குடையைச் சாய்த்தார்.

"அது சும்மா இலைதானே மாமா?" என்றான் யோரிட்.

"நிழல்ல வெச்சுப் பாரு. வெளுப்பா ஒரு வரி ஓடுதா? ரெண்டுலயும் ஓடுது." பிடுங்கினார். கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு கிழங்கு. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "தானா முளைக்கலை. யாரோ பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க."

யோரிட் ஆஃப்கேவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் பையின் வாயை விரித்துப் பிடித்தான், கிழங்கு இரண்டும் உள்ளே விழுந்தன. அடுத்த வருஷம் என்று அவள் வைத்திருந்தது அவ்வளவுதான்.

மைண்டர்ட் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகத்தில் வேலை முடித்த திருப்தி இருந்தது. எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற பெண்மணியை அப்போதுதான் கவனித்தார்.

"உங்க தோட்டமாம்மா?"

"ஆமா."

"வருத்தப்படாதீங்க. இப்போ சுத்தமாயிடுச்சு. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, உங்களை மாதிரியே."

"யாரு?"

"ஆஃப்கே. என் பொண்டாட்டி. எதையும் தூக்கிப் போட மாட்டா. சீக்கு, நொண்டி, உடைஞ்சது எல்லாத்தையும் சேர்த்து வெச்சுக்குவா. நான் திட்டுவேன்."

"ரொம்பத் திட்டுவீங்களோ?"

"வாயாலதான்." அவர் சிரித்தார். "என்னையே வெச்சுக்கிட்டிருக்காளே, அதுக்கு மேல என்ன சொல்றது?"

 முன்வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மைண்டர்ட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நேரமாயிடுச்சு. லேட்டாப் போனா சூப் ஆறிடும். அவ உள்ளேகூடப் போகாம வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா."

அவள் அவருடைய கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். கையிலிருந்த மண்ணைத் தன் ஏப்ரனால் விரல் விரலாகத் துடைத்தாள்.

"போங்க," என்றாள். "காக்க வைக்காதீங்க அவளை."

அவர் ஊரார் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வது போலத் தொப்பியைத் தூக்கி விடைபெற்றுக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனது. யோரிட் "உள்ளே வாங்க அத்தை, குளிருது" என்றான். ஆஃப்கே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.