தொப்பியைத்தானே தொட்டேன்

என் கொழுந்தனுக்கு வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் மோவாயை விரலால் தூக்குவான், தோளைத் திருப்புவான், நெற்றி முடியை ஒதுக்குவான். கைக்குழந்தையிலிருந்து காவல்துறை அதிகாரி வரை எல்லோரும் அவனுக்குக் களிமண்தான். இத்தனை வருஷமாக யாரும் மூச்சு விடவில்லை. விட்டவர் ஒரு நூலகர்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கம்பளித் தொப்பியோடு வந்தார். தொப்பியோடு எடுக்கக்கூடாது என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி, மனிதர் தானே கழற்றும்வரை காத்திருக்க இவனுக்கு ஏது பொறுமை? பேச்சோடு பேச்சாக வெடுக்கென்று உருவிவிட்டான். உள்ளே புழுவெட்டு, திட்டுத்திட்டாக முடி கொட்டிய தலை. திரையையும் இழுத்து மூடவில்லை. முன்னறையில் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நூலகர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு படம் எடுக்காமலே போனார். பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் 'தாக்குதல்' என்று இருந்தது.

"தாக்குதலா? அண்ணி, நான் அவர் மேல விரலைக்கூட வைக்கல. தொப்பியைத்தானே தொட்டேன்!"

வீட்டில் ஒரு வக்கீல் இருந்தால் வழக்கு இலவசம் என்பது எங்கள் குடும்பத்தின் எழுதாத சட்டம். சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் நடத்தினேன்.

"அடிபடணும்னு அவசியமே இல்ல. வேணும்னு தொட்டியா, அவர் சம்மதம் இல்லாம தொட்டியா, அது அவமானமா இருந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. தலையில இருக்கிற தொப்பி, கையில இருக்கிற தட்டு, தோள்ல தொங்கற பை, எல்லாம் உடம்போட சேர்த்திதான்."

"அப்ப பஸ்ல இடிக்கிறவன்?"

"கூட்டத்துல பட்டா அது சகஜம். வெளிய இறங்குற எல்லாரும் அதுக்குச் சம்மதிச்சுதான் இறங்குறோம். முடி வெட்ட உட்கார்ந்தா முடிக்குத்தான் சம்மதம். மீசையையும் சேர்த்து எடுத்தா அதுக்கில்ல."

"நான் அவரை அவமானப்படுத்தணும்னு நினைக்கவே இல்லையே!"

"தொடணும்னு நினைச்சியே, அது போதும்."

மாமியார் அவன் முதுகில் ஒன்று வைத்தார். "வக்கீல் சொல்றதைக் கேளுடா."

"அண்ணி, இதுக்குக் கேஸ் போடலாமா?"

"போடு. நான் அத்தைக்குத்தான் ஆஜராவேன்."

சிரித்தோமே தவிர எனக்கு உள்ளூர உதறல்தான். தீர்ப்பு எதிராக வந்தால் அடையாள அட்டைப் படம் எடுக்கும் அனுமதி போய்விடும். மற்ற படங்களை ஊரே செல்போனில் எடுத்துத் தள்ளும்போது அந்த அனுமதிதான் ஸ்டுடியோவின் உயிர். சமரச மையத்தில் பேசி முடித்துக்கொண்டால் தப்பலாம். "கையைக் கட்டிக்கிட்டு உட்காரு, மன்னிப்புக் கேளு, வேற எதையும் பேசாதே" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். அதைக் கழற்றிவிட்டு அவன் எங்கும் போவதில்லை.

சமரசர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவரது சட்டைக் காலர் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. கொழுந்தன் பார்வை அங்கேதான் இருந்தது. மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"மன்னிப்புக் கேட்டுக்கறேன் சார்," என்று ஆரம்பித்தான். "ஆனா நான் யாரையும் அவங்க இஷ்டம் இல்லாம தொடற ஆளே கிடையாது..."

சொல்லிக்கொண்டே எழுந்து, மேஜைக்கு மேலே சாய்ந்து, நீதிபதியின் காலரை மடித்து, இரண்டு தட்டும் தட்டிவிட்டான்.

"இப்ப சரியா இருக்கு சார்."

நீதிபதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவன் மட்டும், பாராட்டு வரும் என்று காத்திருப்பவன் போல நின்றான்.

மேஜையின் மறுபக்கம் தொப்பியோடு உட்கார்ந்திருந்த நூலகர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, கொழுந்தன் கழுத்திலிருந்த கேமராவை வாரோடு மெதுவாகத் தூக்கிக் கழற்றினார். விரல் நுனிகூட அவன்மேல் படவில்லை.

"யோவ், கையை எடுய்யா! யாரைக் கேட்டுத் தொட்டே?"

அந்த அறையே அதிரும்படி கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உங்களைத் தொடலையே," என்றார் நூலகர். "கேமராவைத்தானே தொட்டேன்." உடனே இரண்டு கையாலும் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

சட்டப்படி பார்த்தால் அந்த நிமிஷம் எனக்கொரு எதிர்வழக்கு கிடைத்திருந்தது. கொழுந்தனைப் பார்த்தேன். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு சார்," என்றான். "பெரிய தப்பு."

மன்னிப்பில் பல ரகம் கேட்டிருக்கிறேன். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

நூலகர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். பிறகு, "அதுக்கப்புறம் எந்த ஸ்டுடியோவுக்கும் போக முடியல," என்றார். "வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். இன்னும் எனக்கு அட்டை வரல."

"இங்கேயே எடுக்கட்டுமா சார்? நீங்க சரின்னா மட்டும்."

நூலகர் தானே போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளைச் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார். நானும் நீதிபதியும் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"சார், தலை கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். இல்ல, உங்களுக்கு இடது."

"இப்ப?"

"இன்னும் சாஞ்சிடுச்சு சார்."

"இப்பவாவது?"

"இப்ப மேல பாக்கறீங்க சார்."

நீதிபதி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். கையைக் கட்டிப்போட்டால் என் கொழுந்தனுக்குத் தொழிலே தெரியாது என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

"சரி, தொட்டே திருப்புங்க," என்றார் நூலகர்.

"நிஜமாவா சார்?"

"நான்தான் சொல்றேனே."

மரியாதையெல்லாம் ஒரு அளவுக்குத்தான், நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். தொப்பி அவர் மடியில் இருந்தது. ஊர் மோவாயையெல்லாம் தூக்கிய அந்த விரல் மெல்லப் போய் அவர் மோவாயில் பட்டது. நூலகர் கண்களை இறுக மூடியிருந்தார்.

"கண்ணைத் திறக்கலாம் சார்."

திறந்தார். படம் எடுத்தான். நூலகர் எழுந்து மேஜைக்கு வந்தார். தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே, சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நீதிபதியிடம் பேனா கேட்டார்.