டிரம்முக்குள் போன குழாய்

காற்றில் செம்மண் ஏறி, பகல் பதினொரு மணிக்கே வில்கா கிரீக் ஊர் இருண்டுபோனது. சோலார் தகடுகள் வேலை செய்யவில்லை. டீசல் இயந்திரம் உதிரிச் சாமான் வராமல் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மருத்துவமனைக்கு மிச்சமிருந்தது, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெட்டி ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்வது கிளாரியின் வேலை. உள்ளே டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தது அவன் அக்கா நொரீன். அவள் ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்கு வெளியே, இயந்திரக் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியில் நாற்பத்தெட்டு காட்டவேண்டிய வோல்ட் நாற்பத்து நான்கு காட்டியது. நாற்பதைத் தொட்டால் பெட்டி தானே நின்றுவிடும். திரும்பக் கிளப்ப அரைமணி நேரமாகும்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "கிளாரி, லைட்டு மங்குதுப்பா. என்ன பண்ற?" நர்ஸ் டெல்வீன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சிஸ்டர்."

அவளுக்குப் பின்னால் நொரீன் கத்துவது கேட்டது. "அவன் பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கான்! கையை வச்சு ஏதாவது செய்யச் சொல்லு!"

"கரண்ட் போனா மெஷின்ல பேட்டரி பதினஞ்சு நிமிஷம்தான் தாங்கும்," என்றாள் டெல்வீன். " அப்புறம் நான் கையால சுத்திதான் ரத்தத்தை உள்ள அனுப்பணும். அவ உடம்பு அதைத் தாங்குமான்னு தெரியல."

நாற்பத்து மூன்று.

ஹைட்ரஜன் உருளையில் வாயு அழுத்தம் சரியாக இருந்தது. வால்வு திறந்தே இருந்தது. தூசிதான் காற்றை அடைக்கிறது என்று வடிகட்டியைக் கழற்றி உதறினான். வோல்ட் ஏறவில்லை. நாற்பத்திரண்டு.

பெட்டிக்குள் எரிவது எதுவும் இல்லை. மெல்லிய தாள் போன்ற ஒரு சவ்வு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. ஹைட்ரஜன் தன் மின்சாரத்தைக் கம்பிவழி அனுப்பிவிட்டு, சவ்வைத் தாண்டிப் போய்க் காற்றோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரும் மிச்சக் காற்றும் ஒரே குழாயில் வெளியே வரும்.

தண்ணீர்!

கிளாரிக்குக் குழாய் ஞாபகம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் ஓடினான். நான்கு வருடமாக மழை காணாத ஊர். ஒழுகும் ஒரு சொட்டுக்கும் அடியில் வாளி வைக்கிற ஊர். தூசி விழாமல், ஆவியாகாமல் இருக்கட்டுமென்று, காலையில் அவன்தான் அந்தக் குழாயை டிரம்மின் அடிவரை இறக்கி, மூடி போட்டு, டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தான். இப்போது டிரம்மின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தது. குழாயின் வாய் நீருக்கடியில் இருந்தது. வெளியேற வழியில்லாமல் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தேங்கி, சவ்வுக்குக் காற்று போகாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"கிளாரி! இங்க சுவத்து மீட்டர்ல நாப்பத்தொண்ணுன்னு காட்டுது. கைப்பிடியை மாட்டவா?"

"ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம் சிஸ்டர்!"

துணி கிழிந்தது. குழாயை உருவித் தரையில் வீசினான். அது இருமி, தண்ணீரும் நுரையுமாகக் கக்கியது. பெட்டியின் முன்பக்கம் ஓடி, காற்றை உள்ளே தள்ளும் ஊதுவிசிறியை முழு வேகத்துக்கு ஏற்றினான். நாற்பத்தொன்று அசையாமல் நின்றது. பிறகு நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. நாற்பத்தேழு.

"வந்துருச்சு," என்றாள் டெல்வீன். மூச்சு வாங்குவது கேட்டது. "என்னப்பா ஆச்சு?"

தூசிமேல் பழியைப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான்தான் சிஸ்டர். தண்ணி சேமிக்கிறேன்னு குழாயை அடைச்சுட்டேன். அவகிட்டயும் சொல்லிருங்க."

டெல்வீன் அதை அப்படியே நொரீனிடம் சொன்னாள். பிறகு நொரீனின் குரல்: "நான் வெளிய வரட்டும்டா, உன்னை வச்சுக்கிறேன்."

கிளாரி தரையில் உட்கார்ந்தான். டயாலிசிஸ் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது; வோல்ட்டிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.