மருதபுரிச் சட்டத்திருத்தம்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மருதபுரி சமஸ்தானத்தின் சட்டங்களை இயற்றியவரும், திருத்தியவரும், புகார் வந்ததும் திருத்தியதையே மறுபடி திருத்தியவருமாகிய ஞானஒளிவு, சனிக்கிழமை காலை, அடுத்த திருத்தத்தை ஒட்டிக்கொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

விரலெல்லாம் மைதாப் பசை.

"இதக் கழுவாம பெட்டியில வைக்க விடமாட்டேன்" என்று கிருபாபாய் வெந்நீரில் துணியை நனைத்துப் புருஷனின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருந்தது மட்டும் வருவதாக இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் அது போனதில்லை.

மருதபுரி எங்கே இருக்கிறது என்று சங்கரன்கோவில் தபாலாபீசில் கேட்டால் விழிப்பார்கள். அது ஞானஒளிவு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. பருத்தி மில் கணக்கு வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் அவர் கண்டுபிடித்த ஆட்டம். பலகையில் கோட்டை, ஆறு, சந்தையெல்லாம் வரைந்திருக்கும். அவர் கதை சொல்வார்: பஞ்சம் வந்துவிட்டது, எதிரி வாசலில் நிற்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். வேஷத்துக்குத் தக்கபடி பேசி, சோழி உருட்டித் தப்பிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தேவதாசன்தான் ராஜா. அதற்காக அவர் குரலை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் கைலி வியாபாரி அப்துல் ஜப்பார், கள்ளன். அடுத்த வீட்டு செண்பகவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள், இங்கே தளபதி.

ஆட்டம் முடிந்ததும் புகார் நேரம். சபைக் கமிட்டியில் உட்கார்ந்து பழகியவர் ஞானஒளிவு. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் கைதூக்கி வழிமொழிந்தால்தான் விதி மாறும். மாறிய விதிக்காகப் பழைய விதியின்மேல் துண்டுக் காகிதத்தை ஒட்டுவார். காய்ந்த பிறகே எழுதுவார். ஒட்டி ஒட்டிப் பலகையின் ஓரம் அதிரசம்போலத் தடித்துவிட்டது.

அடுக்களையிலிருந்து கிருபாபாயும் ஒரு புகார் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நாட்டுல எல்லாருக்கும் சீக்கு வருது. ராஜாவுக்கு மட்டும் வராதோ?" ராஜாவை நோய் அண்டாது என்பது ஆதி விதி. "பரிசீலனையில இருக்கு" என்பார் ஞானஒளிவு.

இப்போது பலகையில் புதிய துண்டு ஒன்று எழுத்தில்லாமல் ஈரத்தோடு இருந்தது.

வழக்கம்போல ஆட்டத்துக்கு வந்திறங்கிய ஜப்பார் தெருமுனையில்தான் சேதி கேட்டார். மூன்று ஆட்டக்காரர்களும் மேஜையோரம் உட்கார்ந்து அந்த வெற்றுத் துண்டைப் பார்த்துக் கிசுகிசுத்தது கிருபாபாயின் காதில் விழுந்தது.

"இது என் புகாருதான் வே" என்றார் தேவதாசன். "கள்ளன் அரமனைக்குள்ள நுழைய ரெண்டுவாட்டி சோழி உருட்டணும்னு போன வாரம் சொன்னேம்லா."

"உம்ம அரமனையில களவாங்க என்ன ஓய் இருக்கு?" என்றார் ஜப்பார். "புடிபட்ட கள்ளனுக்குக் கஞ்சி ஊத்தணும்னு நான் சொன்னதுதான் இது."

"செத்த சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றாள் செண்பகவல்லி. "இனி கதை சொல்லுததுக்கு ஆளு யாரு இருக்கா?"

கிருபாபாயின் கையில் துணி நின்றது. 'இந்தக் கூத்து என்னைக்குத்தான் ஒழியுமோ' என்று சனிக்கிழமைதோறும் வைதபடியே நாலு டம்ளர் காப்பி போட்டவள் அவள். பிள்ளையில்லாத வீடு. பலகை பரண் ஏறிவிட்டால் இந்த வாசலை மிதிக்க இவர்களுக்குக் காரணம் ஏது?

துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

சாயங்காலம் போதகர் வந்தார். அவர் சுருக்கமாகப் பேசி அந்தச் சபையில் யாரும் கேட்டதில்லை. ஞானஒளிவு ஒரு தீபஸ்தம்பம் என்றார், கலங்கரை விளக்கம் என்றார், வெளிச்சம் தரும் சாமான்களெல்லாம் தீர்ந்த பிறகு, "ஆகவே நம்முடைய சகோதரன் பரம வாசலுக்குள் பிரவேசித்துவிட்டார்!" என்று முழங்கி, மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் ஜப்பாரின் கை தன்னால் உயர்ந்தது.

"வழிமொழியுதேன்."

தேவதாசன், முறை என்று ஒன்று உண்டல்லவா, "ஏகமனதாக" என்று முணுமுணுத்தார். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகத் திறந்தார். கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து ராயகிரியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஜப்பார் குடையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப, வாரேன் மைனி." எப்போது என்று சொல்லவில்லை.

கிருபாபாய் பலகையிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. புருஷனின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு புகாரு இருக்கு. ராஜாவுக்கும் சீக்கு வரும். முன்மொழியுதேன்."

"மைனி, நீங்க ஆட்டத்துலயே கிடையாதே. விதிப்படி..." என்று இழுத்தார் தேவதாசன்.

"கதை சொல்லுதவ நாந்தான், அண்ணாச்சி. அடுத்த சனிக்கெழம. நேரத்தோட வாங்க."

குடை மறுபடி சுவரில் சாய்ந்தது. கள்ளனும் தளபதியும் ஒரே நேரத்தில் கைதூக்கினார்கள். ராஜா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவரும் தூக்கினார்.

அவள் எழுதினாள். கோணல்மாணலாக வந்தது.

அடுத்த சனிக்கிழமையும் மேஜையில் நாலு டம்ளர் காப்பி இருந்தது. அது ஆறுவதற்குள் மருதபுரி ராஜா பேதியில் போய்ச் சேர்ந்தார்.