ராசாவைப் பெற்றவன்

“எங்கப்பனை வுட்டுருங்க.”

எதைக் கேட்கவே கூடாதென்று தாய் செல்லாத்தாள் தலை பின்னும்போதெல்லாம் சொல்லி வளர்த்தாளோ, அதைத்தான் பழனாயி பண்ணைக்காரர் செங்கோட்டையனின் முகத்துக்கு நேரே கேட்டாள். அறுபத்தெட்டாம் வருசம், சித்திரை முதல் நாள். பண்ணைக்காரர் நீட்டும் வெற்றிலையை வாங்கிவிட்டால் ஆள் இன்னொரு வருசம் அவருக்குச் சொந்தம். அப்பன் அங்கமுத்து முதலிபாளையத்துப் பண்ணை வீட்டு வாசலில் குனிந்து கையேந்தி நின்றார். நடுவில் வந்து நின்றுகொண்டாள் பழனாயி.

செங்கோட்டையன் கோபப்படவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்ததிலிருந்து சிரித்துப் பேசப் பழகியிருந்தார்.

“ஏம்புள்ள, சரித்திரந்தானே படிச்சே? என்ற பையன் புஸ்தகத்துல பாத்தேன். சுல்தான் காலத்துல அடிமையே ராசா ஆயிருக்கறானாமா. எசமான் மனசு வெச்சா ஆகாதது என்ன? நம்ம பள்ளிக்கொடத்துல உனக்கு டீச்சர் வேல போட்டுத் தாறேன். அப்பன் பாட்டுக்கு இங்க இருக்கட்டும்.”

“சாமி சொல்றாங்கல்ல, ஒத்துக்க கண்ணு,” என்றார் அங்கமுத்து, தரையைப் பார்த்தபடி.

தெருவிலேயே முதல் பி.ஏ. அவள். வேலை என்றதும் மனசு ஒரு கணம் ஆடத்தான் செய்தது. ஆனால் கல்லூரி நூலகத்தில் வாசித்த, ஆயிரம் வருசத்துக்கு முந்தைய அரபு நாட்டுப் பஸ்ராவின் உப்புநிலம் கண்முன் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த கறுப்பு மனிதர்கள் அங்கே வெயிலில் உப்புப் பொருக்கைச் சுரண்டினார்கள். பின்னால் ராசா ஆகிற துருக்கி அடிமைக்குக் குதிரையும் வாளும், கறுத்தவனுக்கு மண்வெட்டி. அவர்கள் தேசத்து வெயில் புத்தியை மழுக்கிவிட்டது, அடிமைத்தனம் அவர்களுக்குத் தோதுதான் என்று நிழலில் உட்கார்ந்து எழுதியவர்கள் உண்டு. இறைவன் முன் நிறமில்லை என்று மறுத்தவர்களும் அதே மண்ணில் உண்டு. உப்புநிலத்து ஆட்களோ ஒருநாள் திரும்பி நின்றார்கள். அவர்களை அடக்கப் பேரரசுக்குப் பதினாலு வருசம் பிடித்தது. தன் சனத்தின் கதையைப் படித்ததுபோல் அன்றைக்கு அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

“ராசா ஆனது ஒருத்தன் ரெண்டு பேருங்க. அவனைப் பெத்தவன் என்ன ஆனான்னு நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க.”

செங்கோட்டையனின் சிரிப்பு நின்றது. “வாய் நீளுது. வேல வேணுமா, வேண்டாமா?”

“அப்பனைப் புடிச்சு வெச்சுக்கிட்டுத் தர்ற வேல எனக்கு வேண்டாமுங்க.”

அங்கமுத்து பக்கம் திரும்பினாள். “நான் கோயமுத்தூர் போறேனுங்கப்பா. பொழச்சுக்கலாம். வாறதுன்னா வாங்க.”

 அவர் முதல்தடவையாகத் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

அது போதும் என்று கிளம்பினாள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏறுவதில்லை. பருத்திக் காட்டின் நடுவே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. முந்தானையைத் தலைக்கு இழுக்காமல் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.