நாலாவது கட்டத்தில் எழுதாமல் விட்டது

என் நோட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். நேரம், சாப்பிட்டது, அளவு, பிறகு நடந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவள் நான். சாப்பிடுகிறவள் அக்கா.

அக்கா கனகவள்ளிக்கு இருபத்தேழு வயது. போன தீபாவளி வரைக்கும் நூற்றுப் பதினொரு கிலோ. தாராவியில் எங்கள் கடையில் மூட்டை நிறுக்கிற தராசில்தான் ஏறிப் பார்ப்பாள், அதுவும் அப்பா கதவைச் சாத்தின பிறகு. வயிற்றுப் புண் முற்றி ரத்தமாக வாந்தி எடுத்தபோது, அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டர் பார்த்தார். எப்படியும் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும், அங்கே இப்போது உடம்பு குறையவும் இதையே செய்கிறார்கள் என்றார். இரைப்பையில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, ஒரு கையளவு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது. "யாராவது ஒருத்தர் ஒன்று விடாமல் எழுதி வையுங்கள். நோட்டு சொல்லும்" என்றார்.

அந்த யாராவது ஒருத்தி நான்தான். மாட்டுங்காவில் மாலை வகுப்புக்குப் போகிறவள், கோடு கோணாமல் போடத் தெரிந்தவள். அக்கா முனிசிபல் பள்ளியில் நாலாவது வரை இந்தியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நோட்டை அவள் கேட்டதே இல்லை.

"காலை 7.00. இட்லி. பாதி. ஒன்றுமில்லை." "9.30. மோர். அரை டம்ளர். ஏப்பம்." இப்படி ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் அக்கா அறுபத்தெட்டு கிலோவுக்கு வந்தாள். ஒரு நாள் என் பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி சந்திரா, எனக்குப் பத்துது பாரு."

"கை இறுக்குது" என்றேன்.

"கைதானே. கையை மடக்காம இருந்துக்கிடுதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு நிறம் உண்டு, குரல் உண்டு, அழுகிற வீட்டிலும் சிரிக்க வைக்கிற வாய் உண்டு. எனக்கு இருந்தது இடுப்பு ஒன்றுதான். "மூத்தவ கிடக்கட்டும், இளையவ கொடி மாதிரி இருக்கா" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். இப்போது அதே ஆட்கள் அக்காவைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன், எப்போதும் இருந்த அதே உடம்போடு. அதற்கு எந்த டாக்டரும் கத்தி வைக்கவில்லை, ஆகவே அது யாருக்கும் அதிசயமில்லை.

அக்காவுக்கு மூன்று தடவை மயக்கம் வந்தது. திடீரென்று வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிடுவாள். அம்மா ஓடி வந்து குளுக்கோஸ் கரைத்துப் புகட்டுவாள். "சத்தே இல்ல பிள்ளைக்கு. என்னத்தைத் திங்கா, குருவி மாதிரி." குடித்த பிறகு இன்னும் மோசமாகும்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் தடவை, பக்கத்து வீட்டுப் பாயசம். இரண்டாவது, ஜிலேபி. மூன்றாவது, கருப்பட்டிக் காப்பி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷத்துக்குள். நாலாவது கட்டத்தில் மூன்று இடத்திலும் "காரணம் தெரியவில்லை" என்று மையால் எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் "சீனி?" என்று போட்டேன். அன்றைய தேதியையும் போட்டேன். எதற்கும் தேதி போடுகிற பழக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. புள்ளியியல் வகுப்பில், இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். நான் யார், டாக்டரா? இன்னும் ஒன்றிரண்டு ஆகட்டும் என்று இருந்தேன். அந்த வாரம்தான் காட்கோபரிலிருந்து தங்கத்தாய் அம்மாள் தன் மகன் பிரம்மநாயகத்துக்கு அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் கணக்கு சரியாக வராது.

மாப்பிள்ளை தனியாக அச்சகம் வைத்திருப்பவர். நல்ல உயரம். பெண் பார்க்க வந்த அன்று நான் காப்பி கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என் தோளுக்கு மேலாக அக்காவைத்தான் பார்த்தார்.

ஆபரேஷன் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "அறுத்த உடம்புன்னு தெரிஞ்சா எவன் எடுப்பான்? கல்யாணம் முடியட்டும்."

எங்களில் பெண்ணை உறுதி செய்யும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் பெண்ணின் வாயில் சீனி போடுவார்கள். கையைத் தட்டக் கூடாது, துப்பக் கூடாது. சீனியை மறுத்தால் சம்பந்தத்தை மறுத்த மாதிரி.

சீனி போடுகிற நாளுக்கு முதல் நாள் அக்கா என்னிடம் கேட்டாள். "நாளைக்கு எனக்கு ஒண்ணும் வந்துராதுல்லா? நோட்டுல என்னட்டி போட்டிருக்கு?"

"ஒண்ணும் வராது. பயப்படாதே" என்றேன்.

ஏழு பெண்கள் வந்தார்கள். சீனித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது நான். தங்கத்தாய் அம்மாள் முதலில் எடுத்தாள். பெரிய கை. இரண்டாவது பெண், மூன்றாவது பெண். நான்காவது கை வந்தபோது அக்கா வாயை மூடாமலே, "எறும்பு வந்து தூக்கிட்டுப் போகப் போகுது என்னை" என்றாள். வந்தவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். தங்கத்தாய் அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு, "வாயாடி மருமகதான் எனக்கு வேணும்" என்றாள். தட்டு என் கையில் கனத்தது. நான் நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினாறாவது நிமிஷத்தில் அக்காவின் மேல் உதடு வேர்த்தது. பிறகு என் பச்சை ரவிக்கை முதுகோடு ஒட்டியது. சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். அவள் என்னைத்தான் பார்த்தாள், சரிந்து விழுவதற்கு முன்னால்.

"சந்திரா, குளுக்கோஸ் கொண்டா" என்றாள் அம்மா.

போனேன். கரைக்கவும் செய்தேன். கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா அதை அக்காவின் வாயருகே கொண்டுபோனபோதுதான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்மா. இதைக் குடிச்சா இன்னும் கூடும். சீனிதான் அவளுக்கு ஆகலை. ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து சீனி தின்னாதான் இப்படி வருது. படுக்க வை, அரை மணியில சரியாயிரும்."

"என்ன ஆபரேஷன்?" என்றாள் தங்கத்தாய் அம்மாள்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அவரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, குரல் இறங்க இறங்க. தங்கத்தாய் அம்மாள் சத்தம் போடவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். அக்கா கண் விழிக்கிற வரைக்கும் இருந்து, அவள் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பத்து நாள் ஆகியும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா என்னோடு பேசவில்லை. "ஒரு டம்ளர் குளுக்கோஸை நிறுத்த ஊரைக் கூட்டணுமா" என்று அடுப்பிடம் சொன்னாள். நானும் அதைத்தான் யோசித்தேன். காதோடு சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கை தவறிக் கொட்டியிருக்கலாம். ஆபரேஷன் என்ற வார்த்தை எனக்குத் தேவையே இல்லை.

பதினோராம் நாள் அக்கா நோட்டைக் கேட்டாள். மடியில் வைத்து விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள். அரை மணி நேரம். நான் எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன, பென்சில்ல? சீ... னி."

"ஆமா."

"தேதி போட்டிருக்கே. மூணு வாரத்துக்கு முந்தின தேதில்லா."

"உறுதியாத் தெரியலைக்கா. மூணு தடவைதான்..."

"முத நாள் நான் கேட்டேன்."

சொல்ல வேண்டியது எல்லாம் பென்சிலில் இருந்தது.

"அவுக போனது போகட்டும்" என்றாள். "மறைச்சுக் கெட்டியிருந்தா ஆயுசுக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் திங்கணும். ஆனா நீ எண்ணிக்கிட்டு நின்ன பாரு. விழும்போது உன் உதடு அசையுததைப் பாத்தேன்."

நோட்டை என்னிடம் தூக்கிப் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அக்காவுக்கு அரைத் தோசை, தேங்காய்ச் சட்னி. "8.10. தோசை. பாதி. ஒன்றுமில்லை." எழுதி முடித்ததும், "வாசி" என்றாள். வாசித்தேன். இனி ஒவ்வொரு வேளையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள்.

"சரிக்கா."

"அதுக்குக் கீழ உன்னுதையும் எழுது."

"என்னுதா? எதுக்கு?"

"எழுதுட்டி."

அடுத்த வரியில் எழுதினேன். "8.20. தோசை. மூன்று." எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தது. மூன்றா, நாலா? சாப்பிடும்போது நான் எண்ணுவதில்லை.

"நாலு" என்றாள் அக்கா, என் தட்டைப் பார்த்தபடி. "ரெண்டாவதுல நெய் ஊத்திக்கிட்ட. நேத்து ராத்திரி அஞ்சு சப்பாத்தி. வெள்ளிக்கிழமை ரெண்டு கரண்டி பாயசம், கிண்ணத்தை வழிச்சு. ஏழு மாசமா நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

மூன்றை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். பிறகு நடந்தது என்ற கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அவளும் சொல்லவில்லை.